மணிக்கட்டைத் தொட்டுப் படிக்கும் முறை

பூட்டில் சாவியைத் திருப்பும்போது மணிக்கட்டுதான் சுழல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மணிக்கட்டு முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் சாயும். சுழற்சி நடப்பதோ அதற்கு மேலே, முன்கை முழுவதிலும். இதை யாரும் தன் கையிலேயே தொட்டு அறியலாம். கால் மணி நேரம் போதும்.

முதலில் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் தோளும் சேர்ந்து திரும்பி ஏமாற்றிவிடும். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். மறுகை விரலால் முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக வருடிக்கொண்டே வந்தால், மணிக்கட்டு வரை ஓர் எலும்பின் விளிம்பு தட்டுப்படும். அது அல்னா. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். இப்போது உள்ளங்கையை மெல்லக் கவிழ்த்தால், அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்க, ரேடியஸ் அதன்மேல் பெருக்கல் குறிபோலக் குறுக்கே சாய்கிறது. சாவியைத் திருப்புவது இந்தச் சாய்வுதான்.

அடுத்து, மறுகையை வலது மேற்கையின் முன்பக்கச் சதையில் வைத்துக்கொண்டு, இறுகிய ஸ்க்ரூவைத் திருப்புளியால் முடுக்குவதுபோல வலக்கையை வலுவாக மல்லாத்திப் பார்க்கலாம். சதை கல்லாகப் புடைக்கும். ஜிம்மில் கையை மடக்கி வளர்க்கும் அதே பைசெப்ஸ்தான் கையை மல்லாத்தும் பெரிய தசையும். வலது கைக்காரருக்கு ஸ்க்ரூவை முடுக்குவது கழற்றுவதைவிட வசமாக வருவதற்கு இது ஒரு காரணம்.

முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் உட்புறச் சதையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மட்டும் மடக்கி விரித்தால், பிடித்த இடம் நெளிவது தெரியும். விரல்களை மடக்கும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. முன்கைத் தசைகள் நீண்ட நாண்கள் வழியே அவற்றை இழுக்கின்றன. அதனால் மணிக்கட்டு நிற்கும் நிலையைப் பொறுத்துப் பிடியும் மாறும். உட்பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு ஒரு துண்டை இறுக்கிப் பிடித்தால் பிடி தளரும். புறங்கைப் பக்கம் 20, 30 பாகை நிமிர்த்தினால் இறுகும். துணி பிழிகிறவர்களும் தேங்காய் துருவுகிறவர்களும் மணிக்கட்டை இப்படி வைத்தால், அதே வேலைக்கு முன்கை குறைவாகவே உழைக்கும்.

கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட, மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவே ஒரு நாண் கம்பிபோல எழும். சிலருக்கு எழாது, அந்த நாண் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு, அதனால் குறை ஒன்றுமில்லை. இதற்கு ஆழத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியில், ஒரு குறுகிய குகை இருக்கிறது. 9 நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. குகைக்குள் வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், இரவில் தூக்கம் கலைந்து கையை உதறுகிறவர்கள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கடைசி இடத்தை மட்டுமாவது எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்தினால், அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். ஐரோப்பாவில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய இடம் என்பதால் உடற்கூறியலில் பொடிக்குழி என்றே அதற்குப் பெயர். குழியின் தரையில் படகு வடிவ எலும்பு ஒன்று இருக்கிறது, பெயர் ஸ்கேஃபாய்டு. மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். பைக் சறுக்கிக் கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு இது முறிந்தாலும் வீக்கம் பெரிதாக இராது, முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இங்கேதான் ஆபத்து. எலும்புக்கான ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து வருவதால், முறிந்தபின் முன்கையை ஒட்டிய துண்டு ரத்தமில்லாமல் செத்துப்போகக்கூடும்.

எனவே விழுந்து எழுந்தவர் இரண்டு கைகளின் குழியையும் ஒரே அழுத்தத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். அடிபட்ட பக்கம் மட்டும் சுரீரென்று வலித்தால், கையை அசையாமல் கட்டிக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் வலி நீடித்தால் 10 முதல் 14 நாளில் இன்னொரு படம் எடுக்கும்படி கேட்கலாம்.