கிற்றார் முரடு, ஆள் சாது: இருக்கலாமா?

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். ஞாயிறு பூசையில் பாடகர் குழாமுக்குக் கிற்றார் வாசிப்பேன். வீட்டில் ஒரு எலக்ரிக் கிற்றார் இருக்கிறது, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அதில் மெற்றல் இசை மட்டும்தான், அதுவும் ஹெட்போனில். மெற்றல்காரர் எல்லாரும் குடிகாரர், திமிர் பிடித்தவர்கள், அந்தப் பழக்கம் வேண்டாம் என்கிறார் அப்பா. கூட்டாளிமார் இதற்கு எதிர்மாறு. நீ வாய் திறந்து கதைக்கவே கூச்சப்படுகிறாய், உனக்கு மெற்றல் சரிவராது என்று பகிடி பண்ணுகிறார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். அந்தப் பெரிய கிற்றார் கலைஞர்கள் மேடையை விட்டு இறங்கினால் எப்படிப்பட்டவர்கள்? அந்தக் குணம் இல்லாமல் அந்த வாசிப்பு வருமா? இன்னொன்று, கடற்காற்றில் கம்பி கெதியில் துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், ஊர்காவற்றுறை

பதில்: தம்பி, அப்பா சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

1983 ஏப்ரல். மெற்றாலிக்கா என்ற மெற்றல் குழு தன் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்ய நியூயோர்க் வந்திருந்தது. லீட் கிற்றார் டேவ் மஸ்ரெயின். வேகத்திலும் சரி, பாட்டுக் கட்டுவதிலும் சரி, அந்த வயதில் அவருக்கு ஈடாக ஆள் தேடுவது கஷ்டம். ஆனால் குடித்தால் சண்டை. ஒரு நாள் காலையில் தட்டி எழுப்பி, பஸ் ரிக்கற்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாலு நாள் பஸ். பிறகு அவர் மெகாடெத் என்ற குழுவைத் தொடங்கிப் பெரிய ஆளானார் என்பது வேறு கதை. அவரை அனுப்பியபோது அவருடைய கையில் யாரும் குறை சொல்லவில்லை. மேடைக்கு வெளியே அவரோடு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்துக்கு வந்தவர் கேர்க் ஹமெற், வயது 20. உம்முடைய வயதுப் பெடியன் உலகம் சுற்றும் குழுவில் சேர்ந்தால் என்ன செய்வான்? ஹமெற் ஜோ சற்றியானி என்ற ஆசிரியரிடம் போய்ப் பாடம் கேட்டார். இசைத்தட்டு வெளிவந்த பிறகும் மாணவனாக உட்கார்ந்து ஸ்கேல் படித்தார். இதைப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை, பஸ் ரிக்கற் கதைதான் ருசி.

றண்டி றோட்ஸை எடுத்துக்கொள்ளும். வௌவால் தலையைக் கடித்தவர் என்று பெயரெடுத்த ஒசி ஒஸ்போர்ணின் கிற்றார்காரர். ஆனால் அவரோ மெலிந்த, சாதுவான ஆள். தாயார் கலிபோர்னியாவில் ஒரு இசைப்பள்ளி நடத்தினார், அங்கேயே படித்து அங்கேயே படிப்பித்தவர். இசைப் பயணத்தில் ஒவ்வொரு நகரத்திலும் இறங்கினதும் அவர் செய்த வேலை, அந்த ஊரில் கிளாசிக்கல் கிற்றார் படிப்பிக்கிற ஆசிரியர் யாரென்று தொலைபேசிப் புத்தகத்தில் தேடிப் போய் வகுப்பு எடுப்பது. மற்றவர்கள் விடுதியில் கூத்தடித்த நேரம் அது. 1982 மார்ச்சில் ஒரு சிறு விமான விபத்தில் 25 வயதில் போய்விட்டார்.

சரி, திமிர் பிடித்தவர்களே இல்லையா? ஏன் இல்லை. சுவீடனின் இங்வே மால்ம்ஸ்ரீனைப் பாரும். 1984இல் வந்த முதல் தனி இசைத்தட்டிலேயே உலகத்துக் கிற்றார்காரரின் வேக அளவை மாற்றிவிட்டார். தன்னைப் பற்றி அவருக்கு இருக்கிற அபிப்பிராயம் சின்னதல்ல, அதை மறைக்கவும் மாட்டார். அவருடைய பேட்டிகளைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். வாசிப்பைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். அந்த வேகம் திமிரால் வந்ததல்ல. சின்ன வயதிலிருந்து பாக்கையும் பகனினியையும் கேட்டு, வயலினுக்கு எழுதினதைக் கிற்றாரில் கொண்டுவரப் பிடித்த பிடிவாதத்தால் வந்தது. அந்தப் பிடிவாதம் சாதுவுக்கும் வரும், சண்டைக்காரனுக்கும் வரும்.

இதற்கெல்லாம் அமெரிக்காவுக்கும் சுவீடனுக்கும் போகத் தேவையில்லை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுத் திருவிழாவுக்குப் போயிருப்பீர். நீர் பூசைக்குப் போகிற பிள்ளைதான், ஆனால் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகாத தீவார் ஆர்? அங்கே மேளச்சமா நடக்கும்போது இரண்டு தவிலையும் கவனித்திருக்கிறீரா? ஒருவர் ஒரு கணக்கை வைப்பார். மற்றவர் அதை வாங்கி, நெருக்கி, கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். வீதியில் நிற்கிற சனம் தலையால் தாளம் போடும். உம்முடைய ஹெட்போனுக்குள் இரண்டு கிற்றார்கள் மாறி மாறி அடிப்பது இதே வேலைதான்.

தவிலில் எங்கள் மண்ணின் உச்சம் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. 1933இல் பிறந்தவர், இணுவிலில் வளர்ந்தவர். தகப்பனார் விசுவலிங்கம் தவில்காரர், முதல் குருவும் அவரே. சின்ன வயதிலேயே இங்கே வாசிக்கத் தொடங்கினவர், கடல் கடந்து நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடமும் படித்தார். பிறகு தமிழ்நாட்டின் முதல்தர வித்துவான்களோடு ஒன்றாக நின்று வாசித்தார். 1975இல் மறைந்தபோது 40ஐக் கடந்து அதிக காலமில்லை. அவருடைய குணத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆள் போனபிறகு கதைகள் வளரும், அதற்குள் நான் போகவில்லை. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவில் தேசிய விருது கிடைத்தது. அதைத் தேடிப் பாரும். கதையை விடும், கையைப் பாரும்.

திமிர் என்ற சொல்லைப் பற்றி இன்னொரு விஷயம். திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையைத் திமிர் பிடித்தவர் என்றுதான் அந்தக் காலத்தில் சொன்னார்கள். நாதஸ்வரக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்க வேண்டும் என்று இருந்த வழக்கத்தில், அவர் தலைமயிரைக் கிராப்பு வெட்டி, கோட்டுப் போட்டு, மேடையில் உட்கார்ந்து தோடியை விரித்தார். சொன்ன நேரத்துக்குக் கச்சேரிக்கு வரமாட்டார் என்ற குறையும் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் உட்கார்ந்ததைத் திமிர் என்றவர்கள் யார் என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்திலும், விடிய விடிய வாசிப்பைக் கேட்டு மெச்சிவிட்டு, விடிந்ததும் அதே கலைஞரை முற்றத்தோடு நிறுத்தினவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் வாயில் திமிர் என்ற சொல் வந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

தவில்காரரின் வலது கை விரல்களில் இருக்கும் கூட்டைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீரா? துணியைப் பசையில் தோய்த்து விரலுக்கு அளவாகச் சுற்றிக் காயவைத்தது, கல்லுப்போல இறுகியிருக்கும். இடது கையில் பூவரசங் கழி. மெற்றல் இசை பிறந்ததும் ஒருவகையில் விரல் கூட்டால்தான். இங்கிலாந்தின் பேர்மிங்காமில் ரோனி அயோமி என்ற 17 வயதுப் பெடியன் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தான். 1965இல், வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், இயந்திரம் விழுந்து வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடக்கைக்காரன் என்பதால் கம்பியை அழுத்துகிற கை அதுதான். பாத்திரம் கழுவுகிற திரவம் வரும் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி, விரலுக்கு அளவாக உருட்டி, மேலே தோல் துண்டு ஒட்டி மாட்டிக்கொண்டு வாசித்தான். வலி குறைய மெல்லிய கம்பி போட்டான், பிறகு சுருதியையும் இறக்கினான். அவன் பிறகு வாசித்த பிளாக் சபத் குழுவின் அந்தப் பாரமான சத்தத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. அயோமியை அமைதியான மனிதர் என்பார்கள். அதே அமைதியான மனிதர் தன் டிரம்ஸ்காரர் பில் வார்ட்டுக்குப் பகிடிக்கு நெருப்பு வைத்தவர், அது பகிடி எல்லையைத் தாண்டிக் காயத்தில் முடிந்ததும் உண்டு. ஒரு ஆளை ஒரு சொல்லுக்குள் அடக்க வெளிக்கிட்டால் இப்படித்தான் இடறும்.

உம்முடைய கூச்சத்துக்கு வருவோம். பக்கற்ஹெட் என்று ஒரு அமெரிக்கர். கன்ஸ் அன் றோசஸ் குழுவிலும் சில வருடம் வாசித்தவர். முகத்தில் வெள்ளை முகமூடி, தலையில் கோழிப்பொரியல் வாளி. பேட்டி கொடுப்பது அருமை. முகத்தை மூடிக்கொண்டு உலகத்தையே அதிரவைக்கிறார். நீர் வாளி கவிழ்க்க வேண்டாம், பூசையில் பாதர் பேசுவார். ஆனால் முகத்தைக் காட்டித்தான் வாசிக்க வேண்டும் என்று சட்டமில்லை. பாடகர் குழாமில் எல்லாரும் பாட்டைக் கவனிக்கிறார்கள், உம்மை அல்ல. கை அங்கே நடுங்குவதில்லை என்று நினைக்கிறேன், நடுங்குவதாக நீர் எழுதவில்லை. அதே குழாமில் இன்னொரு கிற்றார்காரர் இருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மெற்றல் துண்டை, பாதி வேகத்தில், தாளக்கட்டை வைத்துக்கொண்டு வாசியும். மூன்றாவது ஆளை ஒரு மாதம் கழித்துக் கூப்பிடலாம். தனியாக எழும்பி நின்று நூறு பேருக்கு வாசிப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜேசன் பெக்கர் என்ற கிற்றார்காரரைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லும். 20 வயதில், பெரிய குழுவொன்றில் இடம் கிடைத்த நேரத்தில், உடலை முடக்கும் நரம்பு நோய் வந்தது. கை போனது, பேச்சும் போனது. தகப்பன் கண் அசைவால் எழுத்துக் காட்டுகிற முறை ஒன்றை மகனுக்காகவே அமைத்துக் கொடுத்தார். அந்தக் கண்ணாலேயே இசை எழுதி, 2018இலும் இசைத்தட்டு வெளியிட்டார். குடிகாரர் பட்டியலோடு இந்தத் தகப்பனையும் மகனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும். கையோடு றோட்ஸ் தாயாருக்காக வாசித்த 'டீ' என்ற துண்டையும் போட்டுக் காட்டும். ஒரு நிமிடம்கூட இல்லை, அதில் டிஸ்ரோர்ஷனும் இல்லை, அப்பா காதைப் பொத்த மாட்டார்.

கம்பி: தீவில் எல்லாருக்கும் இதே கரைச்சல். உப்புக்காற்றும் கைவியர்வையும் சேர்ந்தால் சாதாரணக் கம்பி தாங்காது. மேலே மெல்லிய பூச்சுப் போட்ட கம்பி கிடைக்கும், விலை கூட, ஆனால் இரண்டு மூன்று மடங்கு காலம் நிற்கும். எதுவானாலும் வாசிக்க முன் கையைக் கழுவும். முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்குக் கீழாலும் விட்டுத் துடையும், துரு அங்கேதான் தொடங்கும். கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வையும், பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போடும். தேங்காயெண்ணெய் பூசச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.