படத்தின் ஓரத்தையும் பாருங்கள்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன், தெப்ராவிலுள்ள நமது கடையில் புதுச் சரக்கு இறங்கியதும் படமெடுத்து முகநூலில் இட்டோம். கல்லாவின்மேல் கடன் நோட்டு விரிந்து கிடந்ததை நாம் கவனிக்கவில்லை, ஊர் கவனித்தது. அதில் பெயர் இருந்த வாடிக்கைக்காரர் ஒருவர் மறுநாளே வந்து பாக்கி முழுவதையும் கட்டினார். அதன்பின் அவர் கடைப்பக்கம் வரவேயில்லை.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020 மார்ச்சில் தமது விமான போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் இட்டார். அதிலிருந்த பதிவு எண்ணைக் கொண்டே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார்.

நம் அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம், 01 என்றால் ஜொகூர். கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண்.

ஆகவே படம் இடுமுன் நோட்டு, பில், பாங்கிச் சீட்டு ஏதும் ஓரத்தில் தெரிகிறதா என்று பார்ப்போம். ஊர்ப்பயணத்தைத் திரும்பி வந்தபின் சொல்வோம். பிறர் பெயர் தெரிந்தால் அவர் சம்மதம் கேட்போம்.

வாடிக்கைக்காரரின் கடன் விவரம் நம்மிடமுள்ள அமானிதம். கல்லாப் பணத்தைப்போல் அதையும் காப்பது நம் கடமை.