இரண்டு டீசல் டேங்க் வண்டியா? வால்வு ஒயரிங்கில் கவனம்

பெரியபட்டினம் கடற்கரையின் உப்புக்காற்று ஒயர் இணைப்புகளைச் சீக்கிரம் அரித்துவிடும். மீன் வண்டிக்கு டேங்க் மாற்றும் வால்வு பொருத்துவோர் கவனிக்க:

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஸ்பேனர் பாடியில் உரசினாலும் தீப்பொறி வராது.

2. வோல்ட் பாருங்கள். பெரிய லாரிகள் பெரும்பாலும் 24; அதில் 12 வோல்ட் வால்வு மாட்டினால் மோட்டார் கருகும்.

3. ஆறு வாய் வால்வே வாங்குங்கள். எஞ்சினுக்குப் போகும் குழாயோடு, மிச்ச டீசல் திரும்பும் குழாயும் சேர்ந்தே மாற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டேங்க் டீசல் அடுத்ததில் நிரம்பி வழியும். இன்றைய விலைக்கு அதை ரோட்டுக்கு வார்க்க முடியுமா?

4. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரில் ஃபியூஸ் வைத்து இணையுங்கள்; ஷார்ட் ஆனால் ஃபியூஸோடு போகும்.

5. எர்த் ஒயரை, பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்கி கிரீஸ் தடவுங்கள். துருவேறினால் வால்வு பாதியில் நின்றுவிடும்.