பில் விலை வேறு, அடக்க விலை வேறு

கொள்முதல் விலை குறைந்தால் லாபம் கூடும் என்பது நம் வியாபாரிகளிடையே நெடுங்காலமாக இருந்து வரும் எண்ணம். எண்ணம் சரியானதே. ஆனால் எதைக் கொள்முதல் விலை என்கிறோம் என்பதில்தான் சிக்கல். பில்லில் இருப்பது சரக்கின் விலை மட்டுமே. சரக்கு புறப்பட்ட இடத்திலிருந்து நம் கடைக்கு வந்து, விற்றுத் தீரும் வரை ஆகும் எல்லாச் செலவும் சேர்ந்ததே அடக்க விலை. சரக்கு வரும் இந்த வழி முழுவதையும் நிர்வாகம் படித்தவர்கள் 'சப்ளை செயின்' என்கிறார்கள். பெரிய அங்காடிகள் நம் தெருவுக்கே வந்துவிட்ட நிலையில், வழியில் சிந்துவதைக் கணக்கிடாமல் கடை நடத்துவது கடினம்.

துவரம்பருப்பு வரும் வழி

துவரம்பருப்பையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் கலபுரகி, மகாராஷ்டிரத்தில் லாத்தூர், அகோலா ஆகிய பகுதிகள் துவரைக்குப் பெயர் பெற்றவை. விவசாயியிடமிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து பருப்பு மில்லுக்கும், அங்கிருந்து லாரியில் மொத்த வியாபாரிக்கும், பிறகு சில்லறைக் கடைக்கும் சரக்கு வருகிறது. உள்நாட்டு விளைச்சல் போதாதபோது மியான்மர், மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

ஒவ்வொரு கை மாறும்போதும் தரகு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை ஆகிய செலவுகள் ஏறுகின்றன. இவற்றுக்குச் சீட்டு வருவதால் கணக்கில் எழுதிவிடுகிறோம். எடைக் குறைவு, பூச்சியாலும் எலியாலும் ஆகும் சேதாரம், முடங்கிய பணத்துக்கு வட்டி ஆகிய மூன்றுக்கும் யாரும் சீட்டுத் தருவதில்லை. ஆகவே எழுதாமல் விட்டுவிடுகிறோம். லாபத்தை அரிப்பவை பெரும்பாலும் இவைதான்.

ஒரு கணக்கு

வாரம் 2 மூட்டை பருப்பு விற்கும் கடை ஒன்று; மூட்டை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் மொத்தக் கடையில் கிலோ ரூ.134, கடைக்கே கொண்டு வந்து இறக்கி, ஒரு வாரக் கடனும் தருகிறார்கள். வெளியூர் மில்லில் ரூ.130, ஆனால் 20 மூட்டை எடுக்க வேண்டும், கையோடு பணம். கிலோவுக்கு 4 ரூபாய் மிச்சம் என்று தோன்றும்.

20 மூட்டை, அதாவது 1,000 கிலோவுக்குச் சரக்கு விலை ரூ.1,30,000. லாரி வாடகை ரூ.1,500. இறக்குக்கூலி ரூ.300. சரக்கு விற்றுத் தீர 10 வாரம் ஆகும். முதல் மூட்டை உடனே போகும், கடைசி மூட்டை பத்தாம் வாரம் போகும் என்பதால் சராசரியாக 5 வாரம் பணம் முடங்குகிறது. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி என்றால், அது ரூ.2,250. சேதாரம் நூற்றுக்கு ஒன்று என்றாலும் ரூ.1,300. ஆகக் கூடுதல் செலவு ரூ.5,350. அடக்கம் கிலோ ரூ.135.35. மலிவாக வாங்கிய சரக்கு, உள்ளூர்ச் சரக்கைவிட ரூ.1.35 அதிகமாகிவிட்டது!

"சொந்தப் பணம்தானே, வட்டி ஏது?" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பணம் கையில் இருந்தால் வேகமாகப் போகும் வேறு சரக்கில் பல முறை புரண்டிருக்கும். புரளாத பணத்துக்கும் வட்டி உண்டு.

இப்போது இதே அளவில் விற்கும் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து அந்த 20 மூட்டையை வாங்கி, ஆளுக்கு 5 மூட்டை பிரித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். சரக்கு இரண்டரை வாரத்தில் தீரும். வட்டி ரூ.562.50 ஆகக் குறையும். சேதாரமும் கால் பங்காகி ரூ.325 என்று கொள்வோம். பிரித்துக் கொண்டுபோகும் வண்டிக் கூலி ரூ.500 சேர்த்தாலும் அடக்கம் சுமார் ரூ.133.20 தான். சரக்கும் அதே, மில்லும் அதே. தனியாக வாங்கியதைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் குறைவு. பெரிய அங்காடிகளின் பலத்தில் பாதி இந்த வேகம்தான்.

மளிகைக் கடையில் கற்ற பாடம்

ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் டாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், விற்ற அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் அமெரிக்க மளிகை அங்காடிகளின் முறையைத் தம் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றார். தேவையான பாகம், தேவையான நேரத்தில், தேவையான அளவு என்பதே அம்முறை. உலகமே இன்று படிக்கும் இந்தப் பாடம் மளிகைக் கடையில் பிறந்தது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

வழி சுருங்கினால் செலவும் சுருங்கும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது தமிழக எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. அங்கே லாரிகள் காத்துக் கிடந்த நேரமும் நம் அடக்க விலையில்தான் ஏறியிருந்தது.

பதுக்கலும் வேண்டாம், வறட்சியும் வேண்டாம்

2015 அக்டோபரில் துவரம்பருப்பு பல ஊர்களில் சில்லறையில் கிலோ ரூ.200 ஐத் தொட்டது. அடுத்த ஆண்டு நாட்டின் துவரை விளைச்சல் ஏறத்தாழ 26 லட்சம் டன்னிலிருந்து 48 லட்சம் டன்னுக்கு மேல் போயிற்று. 2017 தொடக்கத்தில் மண்டிகளில் துவரை, குவிண்டாலுக்கு ரூ.5,050 என்ற ஆதரவு விலைக்கும் கீழே இறங்கியது. ஏறும் என்று நம்பிச் சரக்கைக் கட்டி வைத்தவர்களுக்கு முதலே கரைந்தது.

அதற்காக இருப்பே இல்லாமல் இருப்பதும் ஆபத்து. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ஒரே இடத்தை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். மக்கள் பக்கத்துத் தெரு மளிகைக் கடையைத் தேடி வந்த நாட்கள் அவை. சரக்கு இருந்த கடைக்கு அன்று கிடைத்த நல்ல பெயரை எந்த விளம்பரமும் தராது.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு சரக்கும் வாரம் எத்தனை கிலோ போகிறது என்று தனி நோட்டில் எழுதுங்கள். வேகமாகப் போவது எது, தூங்குவது எது என்று மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும்.

2. பில் விலையோடு கூலி, வாடகை, சேதாரம், வட்டி சேர்த்த பிறகே விற்பனை விலை வையுங்கள்.

3. பழைய சரக்கை முன்னால் வைத்து விற்று, புதியதைப் பின்னால் அடுக்குங்கள்.

4. முக்கியச் சரக்குகளுக்கு இரண்டு இடங்களில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தவணை தவறாமல் பணம் கொடுங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் அவருக்கே முதல் மூட்டை.

5. பக்கத்துக் கடைக்காரரைப் போட்டியாளராக மட்டும் பார்க்காமல் கூட்டுக் கொள்முதலுக்கு அழையுங்கள். பங்கும் பணமும் முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

மொத்த வியாபாரம் செய்யும் நாமே இப்படிச் சொன்னால் நமக்கு நஷ்டமில்லையா என்று கேட்கலாம். விற்பனைக் கணக்கைக் காட்டுவதற்காக இரண்டு மூட்டை போதும் என்பவர் தலையில் பத்து மூட்டையைக் கட்டினால், ஒன்பதாவது மூட்டையில் வண்டு விழும். அடுத்து வசூல் நிற்கும். பிறகு கடையே மூடும். சில்லறைக் கடை மூடிய ஊரில் மொத்தக் கடைக்கு என்ன வேலை? அவர் பிழைக்கும் கணக்கே நம் கணக்கும்.