கொடுத்துக் கொள்ளும் அறிவு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்து வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று பெருந்தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றின் அருகே அமைந்த இவ்வூரில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நிகழ்த்தினர். பழங்கற்கருவிகள் பல அங்கே வெளிப்பட்டன. அவற்றிற்கு மிகப் பிற்பட்ட காலத்துப் பொன்னணிகளும், மேலைநாட்டு வாணிகத் தொடர்பை உணர்த்தும் ஆம்போரா என்னும் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன.

கடல் கடந்து வந்த சாடி ஓர் உள்நாட்டு ஊரை அடைந்ததெனின், அதற்கு ஈடாக ஏதேனும் ஒரு பொருள் கைமாறியிருத்தல் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொள்ளும் இவ்வறிவு மனிதனுக்கே உரியதா? மனிதனுக்கு உறவான குரங்கினங்களுக்கும் உண்டா? அறிஞர் பலர் இதனை ஆராய்ந்துள்ளனர்.

அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகத்தில் கீத் சென், வெங்கட் லட்சுமிநாராயணன், லாரி சாண்டோஸ் ஆகியோர் கபுச்சின் என்னும் சிறு குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உலோக வில்லையைக் கொடுத்தால் உணவு கிடைக்கும் என்பதனை அக்குரங்குகள் முதலில் கற்றுக்கொண்டன. பின்னர் ஓர் உணவின் விலையைக் குறைத்தபோது, அவை அதனையே மிகுதியாக வாங்கின. சந்தைக்குச் செல்லும் இல்லத்தார் செயலும் அதுவேயன்றோ?

அடுத்த சோதனை இதனினும் வியப்புடையது. ஒருவர் ஒரு துண்டு ஆப்பிளைக் காட்டினார். வில்லையைப் பெற்றபின் சிலமுறை அதனையே தந்தார். சிலமுறை மேலும் ஒன்று சேர்த்து இரண்டாகத் தந்தார். மற்றொருவர் இரண்டு துண்டுகளைக் காட்டினார்; சிலமுறை இரண்டையும் தந்தார்; சிலமுறை ஒன்றை நீக்கி எஞ்சியதைத் தந்தார். கணக்கிட்டுப் பார்த்தால் இருவரிடமும் கிடைப்பது ஒரே அளவுதான். ஆயினும் குரங்குகள் முதலாமவரையே பெரிதும் நாடின. கிடைத்ததில் ஒன்று குறைவதை அவை விரும்பவில்லை.

மனிதர் இயல்பும் இதுவே எனத் தானியல் கானமன், ஆமோசு துவெர்சுகி என்னும் அறிஞர் இருவர் 1979-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். நூறு ரூபாய் பெற்ற மகிழ்ச்சியினும், அந்நூறு ரூபாயை இழந்த துன்பம் மனத்தில் மிகுதியாகத் தைக்கின்றது. குரங்குகளின் செயலுக்கு வேறு காரணம் கூறுவாரும் உளர். எனினும், இழப்பிற்கு அஞ்சும் இயல்பு மிகப் பழைய வேரினை உடையது எனக் கருதுவதற்கு அச்சோதனை இடந்தருகின்றது.

கூண்டிற்கு வெளியேயும் குரங்குகள் பேரம் பேசுகின்றன. பாலித் தீவின் உலுவாத்துக் கோயிலில் வாழும் நெடுவால் குரங்குகள், வழிபட வருவோரின் மூக்குக்கண்ணாடியையும் தொலைபேசியையும் பறித்துக்கொள்ளும். உணவு கொடுத்தாலன்றித் திருப்பித் தரமாட்டா. மக்கள் எப்பொருளைப் பெரிதாக மதிக்கின்றனர் என்பதனை வயது முதிர்ந்த குரங்குகள் நன்கறியும். அதற்கு மிகுந்த அல்லது சிறந்த உணவையே எதிர்பார்க்கும். இவ்வாய்வு 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஆயின், இங்கே ஒன்றனை நோக்குதல் வேண்டும். உலோக வில்லையும் மூக்குக்கண்ணாடியும் குரங்கிற்கு உணவாகா. ஆதலின், அவற்றைக் கைவிடுதல் அதற்கு எளிது. தனக்குரிய உணவையே கைவிடவேண்டின் என் செய்யும்? 2008-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. சிம்பன்சிகள் ஆப்பிளைவிடத் திராட்சையை விரும்புவன. எனினும், கையில் ஆப்பிளை வைத்திருந்தவை அதனைக் கொடுத்துத் திராட்சை பெற எளிதில் உடன்படவில்லை. கையில் இருந்தது காரட்டுக் கிழங்காயின், அதனைக் கொடுத்துத் திராட்சையைப் பெற்றன. ஊதியம் மிகப் பெரிதானாலன்றி அவை கைப்பொருளை விடத் துணியவில்லை.

சிம்பன்சிகளுக்குப் பொறுமை இல்லை என்று எண்ணுதல் பிழையாகும். உடனே இரண்டு துண்டு உணவா, இரண்டு நிமிடம் கழித்து ஆறு துண்டா என்று 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் சோதித்தபோது, உணவிற்காகக் காத்திருப்பதில் அவை மனிதரையும் வென்றன! அவற்றிடம் குறைவாக உள்ளது பொறுமை அன்று; பிறர்மீது கொள்ளும் நம்பிக்கையே எனலாம்.

மனிதனோ மொழியால் வாக்களித்தான், அளவையும் நிறையும் வகுத்தான், சான்று வைத்தான், ஏமாற்றுவோரை ஒறுக்கச் சட்டம் செய்தான். இவற்றின் துணையால், முன்பின் அறியாதாரிடமும் தன் பொருளைக் கொடுக்கத் துணிந்தான். வடக்குப்பட்டிற்குச் சாடி வந்த வழி இதுவே. இன்று அப்பகுதித் தொழிலாளர் முப்பது நாள் உழைத்தபின் ஊதியம் பெறுவதும் இந்நம்பிக்கையினாலேயாம்.

இந்நம்பிக்கை உயர்ந்தது, அதனாலேயே வஞ்சகர்க்கும் அது கருவியாகின்றது. மிகுந்த வட்டி தருவதாகச் சொல்லி எளியோரின் சேமிப்பைக் கவர்வோர் இக்காலத்தும் உளர். வைப்பாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. இத்தகைய வலையில் விழுந்தோரை இழப்பச்சம் மேலும் கெடுக்கின்றது. முன்பு கட்டிய பணம் போய்விடுமோ என்று அஞ்சி, கடன் வாங்கியும் கட்டுவர். முடிவில் அனைத்தையும் இழப்பர்.

இழப்பிற்கு அஞ்சுதல் குரங்கினத்தோடு மனிதனுக்குப் பொதுவாக இருக்கலாம். அவ்வச்சத்தைத் தன்னுள்ளே கண்டறிந்து, ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தல் மனிதனால் இயலும். சென்ற பொருள் எவ்வளவு என்று வருந்துவதைவிட, இனிக் கொடுக்கும் பொருளுக்கு உறுதி யாது, கொள்வோர் யாவர், எழுத்தும் சட்டமும் துணை நிற்குமா என்று வினவுதலே அறிவுடைமை. நாளை ஊதியம் பெற்று வீடு திரும்பப்போகும் இளையோர் இவ்வினாக்களை இன்றே பழகிக்கொள்வாராக!