ஏன் வரவில்லை? – நோயாளியும் சமூகப் பணியாளரும்

கடந்த வருடம் ஒரு நாள் உம்மும்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருந்தேன். விடியற்காலையிலேயே இலக்கத்துண்டு எடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் தோட்டத்து அக்கா ஒருவர் இருந்தார். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார். அவருடைய முறை வந்தபோது, முந்திய இரண்டு தவணைகளுக்கும் ஏன் வரவில்லை என்று சிங்களத்தில் ஏசினார்கள். அவருக்குப் பாதிதான் விளங்கியது. தலையை ஆட்டிவிட்டு மருந்துத் துண்டுடன் வெளியே வந்தார்.

“கிளினிக்குக்கு வந்தா அன்னைக்குப் பேர் இல்லை தங்கச்சி. சின்னவனைப் பார்க்கவும் ஆள் இல்லை” என்று என்னிடம் சொன்னார். ‘பேர்’ என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான பதிவு. அது இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை.

எனக்குச் சிங்களம் தெரியும். அந்த ஒரு வசனத்தை உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்த வெட்கம்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

சமூகப் பணியாளர் யார்?

வைத்தியர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார். அந்த மருந்தை நோயாளி ஒழுங்காகக் குடிப்பதற்கு அவருடைய வீடும் தொழிலும் குடும்பமும் இடம் கொடுக்கின்றனவா என்று பார்ப்பவர் சமூகப் பணியாளர். “ஏன் வரவில்லை?” என்ற அதே கேள்வியை அவரும் கேட்பார். ஆனால் பதிலைக் கேட்பதற்காகக் கேட்பார்.

1895இல் லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் மேரி ஸ்டுவர்ட் என்ற பெண்மணி இப்பணிக்கு நியமிக்கப்பட்டார். பத்து வருடங்களின் பின், 1905இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் வைத்தியர் ரிச்சர்ட் கபொட் இதே பணியைத் தொடக்கினார். ஓய்வெடு, நல்ல உணவு சாப்பிடு என்று ஏழை நோயாளிகளுக்குத் தாம் சொல்லும் ஆலோசனைகள் அவர்களால் நிறைவேற்ற முடியாதவை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அங்கு முதலில் பணியாற்றியவர் கார்னெட் பெல்டன் என்ற தாதி. நடைபாதையின் ஒரு மூலையே அவருடைய அலுவலகம். காசநோயாளர்களுக்காக உழைத்த அவரையே சில மாதங்களில் காசநோய் பற்றிக்கொண்டது. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஐடா கெனன் இத்துறையை வளர்த்தெடுத்தார்.

எமது மலைகளில்

காசநோயையே எமது பகுதிக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அரச வைத்தியசாலைகளில் இதற்கு மருந்து இலவசம். வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதங்கள். முதல் 2 மாதங்களுக்கு நான்கு வகை மருந்துகளும், அடுத்த 4 மாதங்களுக்கு இரண்டு வகை மருந்துகளும் கொடுக்கப்படும். சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் குறைந்துவிடும். சுகமாகிவிட்டது என்று நினைத்து நோயாளி மருந்தை விட்டுவிடுவார். பிறகு நோய் திரும்பி வரலாம். அக்கிருமி அதே மருந்துகளுக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஒரு லயத்து அறையில் இருக்கும் நோயாளியை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் முழுக் குடும்பமும் படுத்துறங்குகிறது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் பிள்ளைகளை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. மலையிலிருந்து பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளைக்கு வேறு பஸ் எடுக்க வேண்டும். போக ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் செலவு. இவை எதுவும் கிளினிக் கொப்பியில் எழுதப்படுவதில்லை. ‘வரவில்லை’ என்பது மட்டும்தான் தெரியும்.

சமூகப் பணியாளர் என்ன செய்வார்?

முதலாவது, நோயாளியின் மொழியில் பேசுவார். எந்த மாத்திரை, எப்போது, எவ்வளவு காலம், இடையில் விட்டால் என்ன நடக்கும் என்பதை விளங்கும்வரை சொல்வார்.

இரண்டாவது, குடும்பத்தைச் சந்திப்பார். வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதனைக்கு அழைத்து வருவார். தோட்ட நலன்புரி உத்தியோகத்தருடன் பேசி, கிளினிக் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழி தேடுவார்.

மூன்றாவது, உதவி எங்கே இருக்கிறது என்று காட்டுவார். அஸ்வெசும திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் முதியோருக்கும் கொடுப்பனவுகள் உண்டு. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்னர் கொழும்புக்கே போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இத்தகவல் தெரியாமல் கடன்பட்டு நகையை அடகு வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நான்காவது, இரகசியம் காப்பார். மனநோய், குடும்ப வன்முறை போன்றவற்றில் இதுவே மிக முக்கியமானது. மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கும், சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எமது வரலாற்றில்

நோயாளியை நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்கள், ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். அக்கூடாரம் மஸ்ஜிதுந் நபவியில் அமைந்திருந்தது. காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்ததோடு ஆதரவற்றோரையும் கவனித்தவர் என வரலாற்றாசிரியர்கள் அவரைப் பற்றிக் குறிப்பிடுகின்றனர். பெண்கள் இத்துறையில் கால் வைப்பது புதுமையல்ல என்பதைப் பெற்றோர்களும் மனதிற்கொள்ள வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

இலங்கையில் சமூகப்பணிக் கல்வி 1952இல் ஆரம்பமானது. அதன் வழிவந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் இன்று சமூகப்பணி டிப்ளோமாவும் பட்டப்படிப்பும் உள்ளன. உயர்தரம் முடித்தபின் என்ன படிப்பது என்று யோசிக்கும் சகோதரிகள் இதனையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த, லயத்து வாழ்க்கையை அறிந்த பெண்பிள்ளைகள் இத்துறைக்கு மிகவும் தேவை.

எல்லா வைத்தியசாலைகளிலும் சமூகப் பணியாளர் இல்லை. அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மருந்துத் துண்டை வாசித்துக் கொடுக்கலாம். விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஒருவருக்காக ஒரு வசனத்தை மொழிபெயர்த்துச் சொல்லலாம்.

அந்த அக்காவை நான் பிறகு காணவில்லை. ஒவ்வொரு மாதமும் உம்மும்மாவுடன் போகும்போது அந்த வாங்கைப் பார்க்கிறேன். இப்போது யாராவது விளங்காமல் நின்றால் எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கிறேன்.