எது நூல் தடை?

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை முடித்துத் திரும்பிய என் தந்தையார், “அது தடை செஞ்ச புத்தகமாமே, நமக்கு எதுக்குப்பா வம்பு?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

உப்புப் பகுப்பாய்வில் முதல்நிலைச் சோதனையோடு முடிவு எழுதினால் ஆசிரியர் ஏற்கமாட்டார். உறுதிச் சோதனை வேண்டும். நூல் தடைக்கும் அவ்வாறே மூன்று கேள்விகள் உண்டு. ஆணையிட்டவர் யார்? எந்தச் சட்டப்படி? எங்கே முறையிடலாம்?

1928இல் சென்னை மாகாண அரசு பாரதியார் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. அது அரசாணை, எனவே தடை. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூலின் இந்தி மொழிபெயர்ப்பை 1969இல் உத்தரப்பிரதேச அரசு பறிமுதல் செய்ததும் தடையே. ஆணையில் உரிய காரணம் கூறப்படவில்லை என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 1971இல் அதை நீக்கியது. உச்சநீதிமன்றம் 1976இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு மாநில அரசுக்கு இவ்வதிகாரத்தைத் தருகிறது. ஆணையில் காரணம் கூறவேண்டும். பாதிக்கப்பட்டோர் இரண்டு மாதத்திற்குள் உயர்நீதிமன்றத்தை அணுகலாம்.

‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில், விற்காத படிகளைத் திரும்பப் பெற ஆசிரியர் இசைந்தார். இனி எழுதுவதில்லை என்றும் அறிவித்தார். பறிமுதல் ஆணை எதுவும் இல்லை. ஆயினும் நூல் கடையிலிருந்து மறைந்தது. 2016 சூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம், அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, நூலுக்கு எதிரான கோரிக்கையையும் தள்ளியது.

ஆகவே சட்டப்படி அது தடை அன்று, விளைவில் தடையே. ஆணையிட்ட தடைக்குக் காகிதம் உண்டு. அதைக் காட்டி வழக்காடலாம். அச்சத்தால் விளையும் தடைக்குக் காகிதம் இல்லை. அதனால் அதுவே கொடிது என்பது என் துணிபு. நம் நூலகத்தில் ஒரு நூல் இல்லாமை மட்டும் தடை ஆகாது. அது குறை, கேட்டால் தீரும்.

இவற்றைத் தந்தையாரிடம் விளக்கினேன். “அப்படின்னா படி” என்றார். நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் சொல்வதை வீட்டார் அப்படியே நம்புவர். ஆதலின், ஒரு நூலைத் ‘தடை செய்யப்பட்டது’ என்று சொல்லுமுன் அம்மூன்று கேள்விகளையும் கேட்போமாக.